பொருளும் காட்டும்: ஆங்கில அருஞ்சொற்களைக் கற்பது குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளின் முதல் பகுதியில், வாக்கியத்தில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு ஒத்த பொருளுடையதையும் எதிர்ப்பொருளுடையதையும் நான்கு விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இதற்காக மாணவர்கள் 'கைடு' வாங்கி, பாடந்தோறும் அச்சிட்டிருக்கும் சினானிம், ஆன்டனிம் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். மெட்டிகுலஸ் என்றால் கேர்ஃபுல். ரிலக்டன்ட் என்றால் அன்வில்லிங். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே மாணவர் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுத உட்காரும்போது அந்தச் சொற்களில் ஒன்றும் கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், வரக்கூடாத இடத்தில் வந்து நிற்கிறது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். ஒரு சொல்லின் பொருள்விளக்கம் அதன் எல்லைக்கோட்டை மட்டுமே வரையும். அந்தச் சொல்லை யார், எதைப் பற்றி, எந்தச் சொற்களோடு சேர்த்து, எந்த மனநிலையில் சொல்வார்கள் என்பதை அன்றாட வாழ்விலிருந்து எடுத்த காட்டுதான் தரமுடியும். சொல்லறிவில் பெரும்பங்கு இந்த இரண்டாவதுதான். நம் பாடமுறை அதைத்தான் கைவிட்டிருக்கிறது.

இங்கே 'அருஞ்சொல்' என்று குறிப்பது அன்றாடப் பேச்சில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டாயிரம் சொற்களுக்கு அப்பால் உள்ளவற்றை. மருத்துவம், சட்டம் போன்ற துறைகளின் கலைச்சொற்கள் இதில் சேரா. அவற்றை அந்தந்தத் துறையின் பாடமே கற்றுக்கொடுத்துவிடும். நாளிதழ்த் தலையங்கம், கல்லூரிப் பாடநூல், அலுவலக அறிக்கை ஆகியவற்றில் திரும்பத் திரும்ப வருகிற, ஆனால் யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத சொற்களே இந்த ஆய்வின் பொருள்.

2. பொருள் சொல்வதன் பழைய சிக்கல்

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று பொதுவாகக் கருதப்படுவது 1604-இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட அகரவரிசைப் பட்டியல். பள்ளி ஆசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்தவர் அவர். அந்த நூலில் ஏறத்தாழ 2,500 சொற்கள்; எல்லாமே எபிரேயம், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்து ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியிருந்த கடினச் சொற்கள். பெண்களுக்கும் கல்வித் தேர்ச்சியற்ற பிறருக்கும் உதவ எழுதியது என்று நூலின் நீண்ட தலைப்பே சொல்கிறது. அருஞ்சொல்லைக் கண்டு மலைப்பது ஆங்கிலேயரிடமே நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது என்பதை நம் மாணவர்கள் அறியவேண்டும். அந்த மலைப்பு மாணவர்களுடைய அறிவுக் குறைவல்ல. காட்ரி பெரும்பாலும் ஓரிரு சொற்களில் பொருள் சொல்லி நகர்ந்துவிட்டார். இன்றைய கைடுகளில் உள்ள பட்டியல், வடிவத்தில் அந்த 1604-ஆம் ஆண்டு நூலைத் தாண்டவில்லை.

1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. வலைப்பின்னல் ('நெட்வொர்க்') என்ற எளிய சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கம் பேர்பெற்றது. குறுக்கு நெடுக்காக வெட்டிக்கொள்ளும் கோடுகள், இடைவெளிகள் என்று அந்தச் சொல்லைவிடக் கடினமான லத்தீன்வழிச் சொற்களை அடுக்கி அதை விளக்கினார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், தம் முன்னுரையில் அவரே இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டதை மறந்துவிடுகிறார்கள். ஒன்றை விளக்க அதைவிடத் தெளிவான சொல் வேண்டும். எளிய சொல்லுக்கு அதைவிட எளியது எங்கே கிடைக்கும்? ஜான்சனின் உண்மையான கொடை பொருள்விளக்கம் அல்ல என்பது என் கருத்து. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை நூல்களிலிருந்து திரட்டி, சொல்லை வாழும் இடத்திலேயே வைத்துக் காட்டினாரே, அதுதான் அவர் கொடை.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தொல்காப்பியத்தின் உரியியல் முழுவதும் இதைப் பற்றியதே. பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்திப் பொருள் சொல்லவேண்டும் என்று அந்த இயலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் விதிக்கிறார். இயலின் முடிவில் அதைவிட ஆழமான ஒன்றைச் சொல்கிறார்: பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது, உணர்த்துகிறவர் வல்லவரானால் பொருள் திரியாது, உணர்ச்சியின் வாயில் கேட்பவரின் உணர்வைப் பொறுத்தது. அகராதியியல் என்ற துறை ஐரோப்பாவில் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பொருள்விளக்கம் முடிவற்ற சங்கிலியாகிவிடும் என்பதும், அந்தச் சங்கிலியை அறுப்பது கேட்பவருடைய அனுபவம் என்பதும் இங்கே பதிவாகிவிட்டன.

3. டாக்காவும் டோக்கியோவும்

சங்கிலியை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் விடை தேடியவர்கள் இங்கிலாந்தில் இருந்துகொண்டு தேடவில்லை. ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்ற ஆசிய மாணவர்களின் நடுவே இருந்து தேடினார்கள்.

மைக்கேல் வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியில் வந்து டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வங்காள மாணவர்களின் இருமொழி நிலை பற்றி 1926-இல் அவர் எழுதிய நூலில், பள்ளியைப் பாதியில் விட்டுப்போகும் மாணவருக்கும் பயன்படக்கூடிய திறன் எது என்று கேட்டு, வாசிப்பே என்ற முடிவுக்கு வந்தார். வாசிப்புக்குத் தடை, பாடநூல்களில் அரிதான சொற்கள் நெருக்கமாக வந்து விழுவதே என்று கண்டு, அவற்றைக் குறைத்தும் பரப்பியும் வாசகங்களை மாற்றி எழுதினார். அந்த வழியில் போய், 1935-இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து ஓர் அகராதியைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களை மட்டும் வைத்தே பொருள் சொன்ன அகராதி அது. அந்த 1,490 தெரிந்தவருக்கு மற்ற எல்லாக் கதவுகளும் திறக்கும் என்பது ஏற்பாடு. பின்னாளில் 1978-இல் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட தற்கால ஆங்கில அகராதி சுமார் 2,000 சொற்களைக் கொண்டு இதே நெறியைப் பின்பற்றியது. இன்று மாணவர் அகராதி எதுவானாலும் இந்த நெறியின் நிழல் அதில் விழுந்திருக்கிறது.

அதே காலத்தில் ஜப்பானில் ஹெரால்ட் பாமரும் அவருக்குப் பின் ஏ. எஸ். ஹார்ன்பியும் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். 1923-இல் டோக்கியோவில் தொடங்கிய ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தில், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எந்த வினை எத்தகைய தொடரை ஏற்கும் என்பதைத் திரட்டினார்கள். அதன் விளைச்சலாக ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் ஆகிய மூவரின் அகராதி, போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் டோக்கியோவில் அச்சானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபதிப்புச் செய்தது. நம் வீடுகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியின் மூலம் அதுதான்.

ஹார்ன்பியின் பங்களிப்பை ஒரு சொல்லில் காட்டலாம். 'சஜெஸ்ட்' என்பதன் பொருள் நம் மாணவர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 'நல்ல டாக்டராகச் சொல்லுங்கள்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'சஜெஸ்ட் மீ' என்றே பலர் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த வினை ஆளை அப்படி நேரடியாக ஏற்காது. 'ரெகமண்ட்' போட்டு 'எ குட் டாக்டர்' என்பதை அடுத்து வைத்தால் தொல்லையில்லை. எந்தப் பொருள்விளக்கமும் இதைச் சொல்லாது. வினை எப்படிப்பட்ட தொடரில் உட்காரும் என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் காட்டமுடியும். ஹார்ன்பி ஒவ்வொரு வினைக்கும் அதைச் செய்தார்.

1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி இரண்டு வழிகளையும் இணைத்தது. கணினியில் சேமித்த பெரும் உரைத்தொகுப்பிலிருந்து சொற்களின் உண்மையான வழக்கை எடுத்து, பொருள்விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. 'நீங்கள் ஒன்றைச் செய்ய ரிலக்டன்டாக இருந்தால்' என்று அது தொடங்கும். இந்தச் சொல் ஆளுக்குரியது, ஒரு செயலைப் பற்றியது, அதற்குப் பின் வினை வரும் என்பதெல்லாம் விளக்கத்தின் உருவத்திலேயே அடங்கிவிட்டன.

4. பொருளை மட்டும் நம்பினால் நேர்வது

அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பேட்ரிசியா கில்டியாவும் 1987-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் அகராதிப் பொருளைக் கொடுத்து, அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னதில் கிடைத்த விளைவுகளை அதில் விவரித்தார்கள். 'இரோட்' என்பதற்கு அரித்துத் தின்னல் என்ற பொருளில் 'ஈட் அவுட்' என்று அகராதி சொல்லியிருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ஓட்டலில் போய்ச் சாப்பிடுவது என்றும் பொருள் உண்டு. ஆகவே தன் குடும்பம் அடிக்கடி 'இரோட்' ஆகிறது என்று ஒரு குழந்தை எழுதியது. 'ஸ்டிமுலேட்' என்பதற்குக் கிளறிவிடு என்று இருந்ததால், ஓர் அம்மாள் சூப்பை 'ஸ்டிமுலேட்' செய்தாள். மிகக் கவனமான என்று இருந்ததால், மலைவிளிம்பிலிருந்து விழாமல் இருப்பதில் ஒருவர் 'மெட்டிகுலஸ்' ஆனார்.

இவை எல்லாம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளின் வாக்கியங்கள். அவர்கள் சோம்பேறிகளும் அல்லர். அவர்களுடைய முறையைக் கூர்ந்து பார்த்தால் ஒழுங்கு தெரிகிறது. விளக்கத்திலிருந்து தனக்குத் தெரிந்த ஒரு சிறு சொல்லைப் பிடித்து, அதை வைத்து நல்ல வாக்கியம் ஒன்றை அமைத்து, பிறகு அந்தச் சிறு சொல்லை எடுத்துவிட்டு அருஞ்சொல்லைப் பொருத்துகிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கற்ற மனம் செய்யக்கூடிய நேர்மையான வேலை அதுதான். நம் மாணவர் கேர்ஃபுல் இருந்த இடத்தில் மெட்டிகுலஸைப் பொருத்தி, சாலையை மெட்டிகுலஸாகக் கடக்கவேண்டும் என்று எழுதும்போதும் இதுவே நடக்கிறது. குற்றம் மாணவருடையது அல்ல. அவர் கையில் கொடுத்த சமன்பாட்டினுடையது.

5. காட்டின் வேலை

எடுத்துக்காட்டு என்ற பெயரில் வருவதெல்லாம் காட்டு ஆகிவிடாது. 'அவர் மெட்டிகுலஸான மனிதர்' என்ற வாக்கியம் எதையும் காட்டவில்லை. அந்த இடத்தில் நல்ல, கெட்ட, உயரமான, பசித்த என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். ஒரு காட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. அருஞ்சொல்லை மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். மறைந்த சொல்லின் பொருளை மற்ற சொற்களைக் கொண்டு ஊகிக்க முடிந்தால் அது காட்டு. 'கல்யாண மொய்க் கணக்கை எழுதும் மாமா, ஐம்பது ரூபாய் வைத்தவரின் ஊர், தெரு, தகப்பனார் பெயர் வரை விடாமல் பதிவார். இரவில் கூட்டுத்தொகையை இரண்டு தடவை சரிபார்த்தபின்தான் நோட்டை மூடுவார்' என்று சொல்லி, இவர்தான் மெட்டிகுலஸ் என்றால் சொல் பதிகிறது. கவனம் ஆபத்தைத் தவிர்ப்பதற்காக அல்ல, சிறு விவரமும் தவறக்கூடாது என்பதற்காக. சாலை கடப்பவருக்கும் மொய் எழுதுபவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

காட்டின் அடுத்த வேலை, பக்கத்துச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது. அருஞ்சொல் பெரும்பாலும் தனியாகத் தொல்லை தருவதில்லை. தன்னைப்போலவே இருக்கும் இன்னொன்றோடு சேர்ந்துதான் குழப்புகிறது. 'ஆப்சலீட்' என்பதற்குப் பழைய, வழக்கொழிந்த என்று பொருள் எழுதினால், பழையது எல்லாம் ஆப்சலீட் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். கல்லணை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. இன்றும் காவிரி நீர் அதன் வழியே பாசனத்துக்குப் பிரிகிறது. ஆகவே அது பழையது, ஆப்சலீட் அல்ல. தந்தி அப்படியல்ல. ஒருகாலத்தில் நடுவீட்டில் அழுகையையும் ஆனந்தத்தையும் கொண்டுவந்த சேவை, கைப்பேசி வந்தபின் தேவையற்றுப்போய் 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. தந்தி ஆப்சலீட். வயது ஒரு பொருட்டல்ல, அதன் வேலையை வேறொன்று எடுத்துக்கொண்டதா என்பதே கேள்வி. பத்து வயதான கணினியும் ஆப்சலீட் ஆகலாம். இரண்டு காட்டுகளை எதிரெதிரே வைத்தால், பொருள்விளக்கம் சொல்லாமல் விட்ட எல்லை தானாக விழுகிறது.

'மிட்டிகேட்' இன்னொரு சொல். தணித்தல் என்று தமிழில் சொல்லலாம். தடுத்தலோடு இதைக் கலந்துவிடுவது வழக்கம். 2004 டிசம்பர் சுனாமியின்போது பிச்சாவரம் பகுதியின் அலையாத்திக் காடுகள் பின்னால் இருந்த சில ஊர்களுக்கு வந்த அலையின் வேகத்தைக் குறைத்தன என்று பேசப்பட்டதைப் பலரும் அறிவர். காடு அலையைத் தடுக்கவில்லை. வந்த அலையின் கடுமையைக் குறைத்தது. அதுவே மிட்டிகேட். கொசுவலை கொசுக்கடியைத் தடுப்பது. கடித்தபின் பூசும் மருந்து அரிப்பைத் தணிப்பது. பின்னதுகூட மிட்டிகேட் ஆகாது என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். வலி, அரிப்பு, வறுமை போன்று மனிதர் அனுபவிக்கும் துன்பத்தைக் குறைக்க ஆங்கிலம் 'அலீவியேட்' என்ற சொல்லையே விரும்புகிறது. ஆபத்து, சேதம், பாதிப்பு ஆகியவற்றோடு மிட்டிகேட் சேரும். இப்படி எந்தச் சொற்களோடு அது புழங்கும் என்பதைக் கற்காதவர் சொல்லைப் பாதிதான் கற்றிருக்கிறார்.

'ஆம்பிகுவஸ்', 'வேக்' என்னும் இரண்டையும் தெளிவற்ற என்று ஒரே சொல்லால் விளக்கிவிடுவார்கள். ஒரு கடைப் பலகையில் 'பழைய புத்தகக் கடை' என்று எழுதியிருந்தால், பழையது கடையா புத்தகமா என்று இரண்டு பொருள் கொள்ளலாம். இரண்டும் தெளிவானவை, எது என்பதுதான் தெரியவில்லை. அது ஆம்பிகுவஸ். பேருந்து எப்போது வரும் என்று கேட்டால் 'வந்துரும், வந்துரும்' என்கிறார் டீக்கடைக்காரர். அதில் இரண்டு பொருள் இல்லை. உறுதியான ஒரு பொருளும் இல்லை. அது வேக். இந்த வேறுபாட்டை ஒருமுறை பிடித்துக்கொண்ட மாணவர், ஒப்பந்தப் பத்திரத்தில் எந்த வரியைத் திருத்தக் கேட்கவேண்டும், எந்த வரிக்கு விவரம் கேட்கவேண்டும் என்பதையும் அறிவார்.

மூன்றாவதாக, காட்டு சொல்லின் மனநிலையைக் கொண்டுவரும். சின்க்ளேர் உரைத்தொகுப்பில் கண்டறிந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'செட் இன்' என்ற எளிய தொடரைப் பற்றியது. தொடங்கி நிலைகொள்ளுதல் என்பது அதன் பொருள். ஆனால் பெரும்பாலும் அழுகல், சோர்வு, நோய்த்தொற்று, நம்பிக்கையின்மை போன்ற வேண்டாதவையே அதற்கு எழுவாயாக வருகின்றன. அகராதிகள் அதுவரை இதைச் சொன்னதில்லை. தமிழர்க்கு இதை விளங்கவைப்பது கடினமல்ல. விபத்து நேர்ந்தது என்போம். கல்யாணம் நேர்ந்தது என்று வாழ்த்துச் சொல்லமாட்டோம். பஞ்சம் தலைவிரித்தாடும், லஞ்சம் தலைவிரித்தாடும்; நேர்மை ஒருநாளும் தலைவிரித்தாடாது. யாரும் நமக்கு இந்த விதியைச் சொல்லித்தரவில்லை. நூறு வாக்கியங்களில் கேட்டு நாமே எடுத்துக்கொண்டோம். 'நொட்டோரியஸ்' என்பதைப் பிரபலமான என்று மட்டும் படித்தவர், தம் மரியாதைக்குரிய பேராசிரியரை அந்தச் சொல்லால் மேடையில் அறிமுகம் செய்துவிடக்கூடும். தீய புகழ் உடையவரைப் பற்றிய இரண்டு செய்தி வாக்கியங்களைப் படித்திருந்தால் அது நடக்காது.

6. எந்தச் சொற்களைக் கற்பது

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் பெக், மார்கரெட் மக்கியோன் ஆகியோர் லிண்டா குக்கனுடன் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். பேச்சில் தானே வந்துசேர்வது முதல் அடுக்கு. துறைக் கலைச்சொற்கள் மூன்றாவது. எல்லாத் துறை எழுத்துகளிலும் வருகிற இடை அடுக்கே ஆசிரியர் கற்பிக்கவேண்டியது. நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விச்சொல் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. பல்கலைக்கழகப் பாடநூல் எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இவற்றிலிருந்து வருகிறது. மிட்டிகேட் போன்ற சில அதில் இல்லை. ஆம்பிகுவஸ், ரிலக்டன்ட் ஆகியவை உண்டு. அந்த 570-ஐ முறையாகக் கற்ற முதலாண்டு மாணவருக்கு நூலகம் அச்சம் தராது.

நம் ஊரில் நடைபாதைப் புத்தகக் கடைவரை கிடைப்பது நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய வேர்ட் பவர் மேட் ஈஸி. லத்தீன், கிரேக்க வேர்களைக் கொண்டு சொற்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, உடனுக்குடன் பயிற்சி கேட்கும் அதன் முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதிலுள்ள சொற்களில் பல, வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்ணில் படாதவை. வேரறிவுக்கு அதைப் படிக்கலாம். அன்றாடத் தேவைக்குக் கல்விச்சொல் பட்டியலை முதலில் எடுப்பதே சரி. வெளிநாட்டுப் படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு 2011-இல் எதிர்ச்சொல் வினாக்களைக் கைவிட்டு, வாசகத்துக்குள் சொல்லைப் பொருத்தும் வினாக்களுக்கு மாறிவிட்டது. பட்டியல் மனப்பாடத்தின் காலம் அங்கேயே முடிந்துபோனது.

7. தாய்மொழியின் இடம்

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்கவேண்டும், தமிழ்ப் பொருள் கேட்பது தவறு என்று நம் ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இதை ஏற்பதற்கில்லை. சொற்கல்வி ஆய்வில் முதன்மையானவராகக் கருதப்படும் பால் நேஷன், தொடக்கத்தில் பொருளைத் தாய்மொழியில் தருவது விரைவானது, பயனுள்ளது என்றே வாதிடுகிறார். முதல் சந்திப்பில் தமிழ்ச்சொல் ஒரு பிடி கொடுக்கும். அதற்குப் பின்னும் அந்தப் பிடியை விடாமல் இருப்பதுதான் கேடு. தயக்கம் என்ற நம் சொல் 'ஹெசிடன்ட்', 'ரிலக்டன்ட்' இரண்டுக்கும் பொருந்தும். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர் ஹெசிடன்ட். முடிவு தெரிந்தும் மனமில்லாதவர் ரிலக்டன்ட்: திருப்பித் தராத உறவினருக்கு, அம்மா சொன்னதற்காக மறுபடியும் கைமாற்றுக் கொடுக்கும் சித்தப்பா. தமிழில் பொருள், தமிழ் வாழ்க்கையில் காட்டு, ஆங்கிலத்தில் வாக்கியம் என்ற வரிசை இங்கே நன்றாக வேலை செய்கிறது.

காட்டின் மதிப்பைத் தமிழ் அகராதியுலகுக்கு உணர்த்தியது 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. நிகண்டுகளும் பழைய அகராதிகளும் சொல்லுக்குச் சொல் அடுக்கிய மரபில், அது தற்கால உரைநடையிலிருந்து வழக்கைத் திரட்டி, தமிழிலேயே வாக்கிய நடையில் பொருள் எழுதி, நாம் பேசுவதைப்போன்ற எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சேர்த்தது. ஆங்கிலத்துக்கு நல்ல காட்டுகளை எழுத விரும்பும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அந்த அகராதியில் பத்துப் பக்கம் படித்துவிட்டுத் தொடங்கலாம்.

8. எத்தனை முறை, எந்த வரிசை

நிறைய வாசித்தால் சொற்கள் தாமே வரும் என்பது பாதி உண்மை. வாசிப்பின்போது தற்செயலாகக் கற்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஸ்வான்போர்னும் டி குளோப்பரும் 1999-இல் கணக்கிட்டபோது, எதிர்ப்பட்ட அறியாச் சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்துதான் பிடிபடுகின்றன என்று தெரிந்தது. தாய்மொழியில் வாசிப்பவர்கள் பற்றிய கணக்கு அது. அந்நிய மொழியில் வாசிக்கும் நம் மாணவருக்கு முறையான கற்பித்தலும் சேர்ந்தே வேண்டும்.

பெக் குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து மாதங்களில் 104 சொற்கள் கற்பிக்கப்பட்டன. இன்றைய பயிற்சி நிலையங்கள் வாரத்துக்கு நூறு என்று விளம்பரம் செய்வதோடு இதை ஒப்பிடவேண்டும். 1985-இல் வந்த அடுத்த ஆய்வில், ஒரு சொல்லை நான்கு முறை சந்தித்தவர்கள் அதன் பொருளைச் சொல்லக் கற்றார்கள். பன்னிரண்டு முறை, அதுவும் வெவ்வேறு சூழல்களில் சந்தித்தவர்களே கதையைப் படித்து விளங்கிக்கொள்ள அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சந்திப்புகளை ஒரே நாளில் முடிப்பதும் வீண். இடைவெளி விட்டுத் திரும்புவதன் பலனை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தம் மேல் சோதித்து எழுதிவிட்டார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய அட்டைப்பெட்டி முறையும், இன்று கைப்பேசியில் ஓடும் அங்கி செயலியும் அதே அடிப்படையில் அமைந்தவை. அட்டையின் பின்பக்கத்தில் ஒரு சொல்லை எழுதுவதா, ஒரு காட்டை எழுதுவதா என்பதைச் செயலி முடிவு செய்யாது.

கற்பிக்கும் வரிசைக்கு நன்னூலில் காண்டிகையுரைக்குச் சொன்ன உறுப்புகளையே எடுத்துக்கொள்ளலாம்: கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை. சூத்திரத்துக்கு உரை சொல்ல வகுத்த முறை அது. அதில் பதப்பொருளுக்குப் பின் காட்டு கட்டாயமாக நிற்பதும், காட்டோடு நிறுத்தாமல் வினாவும் விடையும் தொடர்வதும் கவனிக்கத்தக்கவை. மாணவர் சொல்லைக் கையாளத் தொடங்குவது வினாவில்தான். பிறர் எழுதிய பத்துக் காட்டைப் படிப்பதைவிட, தன் வீட்டிலிருந்து ஒரு காட்டைத் தானே உருவாக்கி, அது ஏன் பொருந்துகிறது என்று வகுப்பில் வாதிடுவது நினைவில் நிற்கிறது.

ஆகவே தேர்வின் வினாவும் மாறவேண்டும். ஒத்த சொல்லைத் தேர்ந்தெடு என்பதற்குப் பதில் நிலைமைகளைக் கொடுத்துக் கேட்கலாம். ரேஷன் கடைக்காரர் எடையை நிறுத்தபின் மறுபடி நிறுத்துப் பார்க்கிறார். தாத்தா ஈரத் தரையில் சுவரைப் பிடித்து நடக்கிறார். இவர்களில் மெட்டிகுலஸ் யார், ஏன்? ஊராட்சி மழைநீர் வடிகாலை ஆழப்படுத்தியது. வெள்ளம் வந்தது, ஆனால் முழங்காலோடு நின்றது. ஊராட்சி செய்தது பிரிவென்டா, மிட்டிகேட்டா? உரலும் அம்மியும் உங்கள் தெருவில் ஆப்சலீட் ஆகிவிட்டனவா? மூன்றாவது வினாவுக்கு ஒரே விடை கிடையாது. அம்மியில் அரைத்த துவையல்தான் வேண்டும் என்று சொல்லும் வீட்டிலிருந்து வரும் மாணவர் 'இல்லை' என்று எழுதி, காரணமும் எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கவேண்டும்.